பழுப்பு ரிங்

அந்த ஊரில் கியர்பாக்ஸ் வேலை தெரிந்தவர்களுக்குப் பஞ்சமில்லை. ஆனால் ஆட்டோமேட்டிக் பெட்டி என்றால் மட்டும் பாதிப் பேர் கையை விரித்துவிடுவார்கள். "அதெல்லாம் ரிங்கக்காகிட்ட கொண்டு போங்க" என்பார்கள். டயர் கடைக்குப் பின்னால் நீளமான தகரக் கொட்டகையில் அவள் பட்டறை. பெட்டியைப் பிரித்ததும் முதலில் சீல் ரிங்குகளைத்தான் பார்ப்பாள், பல்சக்கரமெல்லாம் அப்புறம்தான். அதனால் வந்த பெயர். உதிரிபாகத்தின் பெயரை மனுஷிக்கு வைத்துவிட்டார்களே என்று முதலில் கோபப்பட்டாள். போகப்போக, சொந்தப் பெயரைச் சொல்லி யாராவது கூப்பிட்டால் திரும்பிப் பார்க்க மறந்துபோனாள்.

வண்டியிலிருந்து பெட்டியை இறக்குவது, ஏற்றுவது, ஓட்டிப் பார்ப்பது எல்லாம் அவள் கணவர். திறந்த பெட்டிக்குள் மட்டும் அவர் விரல் வைக்க மாட்டார். "எனக்கு வெளிவிவகாரம். உள்துறை அம்மாகிட்ட" என்று வருகிறவர்களிடம் சொல்லிச் சிரிப்பார்.

ஒருநாள் காலையில் ஒரு லாரியைச் சங்கிலி கட்டி இழுத்து வந்தார்கள். நடுத்தர லாரி. முன்பக்கம் நசுங்கி, ஒரு விளக்கு இருந்த இடத்தில் ஈர மணல் அப்பியிருந்தது. இரண்டு பேர் இறங்கினார்கள். அண்ணன் தம்பி என்று யாரும் சொல்லத் தேவையில்லை. ஒரே அச்சில் வார்த்த மூக்கு. அண்ணனுக்கு நெற்றியில் கட்டு, வாய்நிறையச் சிரிப்பு. தம்பி ஒல்லியான ஆள், சட்டைப் பொத்தானைக் கழுத்துவரை போட்டிருந்தார். மலையில் அவர்களுக்குப் பேரிக்காய்த் தோட்டம். விளைந்ததை இறக்கிச் சந்தைக்குக் கொண்டுவருவது அந்த லாரி. ஓட்டுவது எப்போதும் பெரியவர்தான்.

"இறக்கத்துல வந்துட்டிருந்தேன் தங்கச்சி. முழு லோடு. திடீர்னு வண்டி லேசாச்சு. எப்படிச் சொல்றது... பின்னாலேருந்து புடிச்சிட்டிருந்த கையை யாரோ எடுத்த மாதிரி. எஞ்சின் ஒரு பக்கம் கத்துது, வண்டி ஒரு பக்கம் பறக்குது. பிரேக்கை மிதிச்சேன், மிதிச்சேன், தீஞ்ச வாடைதான் வந்துச்சு. வளைவுல ரோடு போடறவங்க மணல் கொட்டி வச்சிருந்தாங்க. கண்ணை மூடிட்டு உள்ள விட்டுட்டேன்." பெரியவர் வயிறு குலுங்கச் சிரித்தார். "மண்ணுக்குள்ள போகவேண்டியவன், மண்ணாலேயே பொழைச்சேன்!"

கணவரும் சேர்ந்து சிரித்தார். சின்னவர் சிரிக்கவில்லை. அவர் குனிந்து வண்டிக்கு அடியில் பெட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தார். அடிபட்ட முகப்பையோ அண்ணன் நெற்றியையோ அவர் பார்த்ததாக ரிங்கக்காவுக்கு நினைவில்லை.

மறுநாள் பெட்டியைப் பிரித்தாள். எண்ணெய் கறுத்துக் கருகல் நாற்றம் அடித்தது. முன்னோக்கி ஓட்டும் கிளட்ச்சின் தட்டுகள் பாதி எரிந்திருந்தன. அந்தக் கிளட்ச்சை அழுத்திப் பிடிப்பது எண்ணெய்தான். நடுத்தண்டின் உள்ளே ஓடும் துளை வழியாக, சுழன்றுகொண்டிருக்கும் டிரம்முக்குள் எண்ணெய் ஏற வேண்டும். ஏறும் வழியில் ஒழுகாமல் காப்பது தண்டின் பள்ளங்களில் உட்கார்ந்திருக்கும் நாலைந்து ரிங்குகள். மோதிர அளவுதான் இருக்கும். அது ஒழுகினால் அழுத்தம் போகும், அழுத்தம் போனால் கிளட்ச் வழுக்கும், கிளட்ச் வழுக்கினால் எஞ்சினுக்கும் சக்கரத்துக்கும் உறவு அறுந்துபோகும்.

தண்டை விளக்கின் கீழே பிடித்தாள். மேலே இருந்த ரிங்குகள் வெள்ளை. வாணலியில் ஒட்டாமல் இருக்கப் பூசுகிறார்களே, அந்த டெஃப்லான் சரக்கு. அவை இருக்க வேண்டிய இடம்தான், குறை சொல்ல ஒன்றுமில்லை. அந்தக் கிளட்ச்சுக்குப் போகும் எண்ணெயைக் காப்பது கடைசிப் பள்ளத்து ரிங்தான். அதிலும் வெள்ளைதான் இருந்தது. இருந்தது என்ன, அதன் மிச்சம். உருகிப் பள்ளத்தின் விளிம்பு வழியே பிதுங்கி, நார்நாராகத் தொங்கியது.

இந்த மாடல் பெட்டியை அவள் எத்தனையோ முறை பிரித்தவள். கடைசிப் பள்ளத்தில் கம்பெனி போடுவது பழுப்பு ரிங். எலும்பு மாதிரி கெட்டியான சரக்கு, எவ்வளவு சூட்டுக்கும் அசையாது. வெள்ளை ரிங் சமதரையில் ஓடும் வண்டிக்குப் போதும். பழுப்பைவிடச் சீக்கிரமாகவே படிந்து நன்றாக அடைக்கும். முழுப் பாரத்தோடு மலை இறங்கும்போது கதை வேறு. பெட்டியும் எஞ்சினும் சேர்ந்து வண்டியைப் பின்னாலிருந்து பிடித்து இழுக்கும். அந்தப் பிடியில் எண்ணெய் கொதிக்கும், வெள்ளை இளகும். காலியாக ஏறும்போது எதுவும் ஆகாது. ஊருக்குள் ஓட்டினால் எதுவும் ஆகாது. இறக்கத்தின் நடுவில்தான் கையை விடும்.

"யாரோ தெரியாதவன் போட்டிருக்கான்" என்றார் கணவர்.

அவளும் அப்படித்தான் நினைத்தாள். சின்னவர் வரும்வரைக்கும்.

அவர் தனியாக வந்தார். சத்தமில்லாமல் நடக்கிற ஆள். மேசைக்குப் பக்கத்தில் நிழல் விழுந்த பிறகுதான் அவள் நிமிர்ந்தாள். சட்டைப் பையிலிருந்து ஒரு பிளாஸ்டிக் கவரை எடுத்து மேசையில் வைத்தார். உள்ளே வெள்ளை ரிங்குகள், புத்தம் புதுசு.

"இதைப் போட்டுடுங்க."

"எங்ககிட்டயே இருக்கே சின்னண்ணே."

"பரவாயில்ல. இது நான் பாத்து வாங்கினது. எல்லாப் பள்ளத்துக்கும் இதுவே."

அவள் துணியில் கையைத் துடைத்தாள். "கடைசிப் பள்ளத்துக்கு வெள்ளை ஆகாது. பழுப்பு போடணும். பழசு எப்படி ஆயிருக்குன்னு பாருங்க." தண்டை எடுத்து நீட்டினாள்.

அவர் வாங்கிப் பார்த்தார். புதிதாகப் பார்க்கிறவர் பார்ப்பதுபோல் இல்லை. கட்டைவிரல் நகத்தை நேராகக் கடைசிப் பள்ளத்துக்கே கொண்டுபோய், தொங்கிய நாரை நிமிண்டினார்.

"முன்னாடி இதை யார் பிரிச்சது?" என்று கேட்டாள்.

"நான்தான். கல்யாணப் பேச்செல்லாம் வந்த வயசுல ஒரு பெட்டிப் பட்டறையில வேலை பாத்தேன். அண்ணன்தான் வேணாம்னு கூட்டிட்டு வந்துட்டாரு."

"அப்போ பழுப்பு எதுக்குன்னு தெரிஞ்சிருக்குமே."

சின்னவர் தண்டை மெதுவாக, சத்தம் வராமல், மேசையில் வைத்தார். "பழுப்பு டிரம்மைத் தேய்ச்சிடும்."

"தேய்க்கறது இரும்பு ரிங். அலுமினிய டிரம்முல இரும்பைப் போட்டா ஆறே மாசத்துல வாய்க்கால் வெட்டிடும், அது சரி. பழுப்பு ஒண்ணும் பண்ணாது. டிரம் உள்பக்கம் கண்ணாடி மாதிரி இருக்கு, நகம் தட்டல. நான் பாத்துட்டேன்."

"எனக்கு வெள்ளைதான் பழக்கம்."

"ஓட்டறது உங்க அண்ணன்தானே, சின்னண்ணே?"

கேட்ட பிறகுதான் ஏன் கேட்டோம் என்று அவளுக்கே தோன்றியது. சின்னவர் அவளை முதல்முறையாக நேராகப் பார்த்தார். கோபமில்லை. ரொம்ப நாள் தூங்காதவன் பார்க்கிற பார்வை.

"ஆமா. அவருதான் ஓட்டுவாரு. எப்பவும் அவருதான்" என்றார். "வெள்ளையே போட்டுடுங்க." போய்விட்டார்.

சாப்பிடும்போது கணவரிடம் சொன்னாள். அவர் கையை உதறினார்.

"உனக்கு எதைப் பாத்தாலும் ஒழுகற மாதிரியே தெரியும். பழைய வேலைக்காரன், பிடிவாதம் புடிக்கறான். அவ்வளவுதான்."

"ஒருதடவை உருகினதைக் கண்ணால பாத்துட்டு, மறுபடி அதையே போடுன்னு எவனாவது சொல்வானா?"

"சொல்வான். நான் சொல்லலியா? ரெண்டு தடவை ஒரே சுத்தியில கட்டை விரலை நசுக்கிக்கிட்டேன், அதே சுத்திதான் வேணும்னு இன்னைக்கும் வச்சிருக்கேன்."

சிரிப்பு வந்தது. ஆனாலும் மனசு ஆறவில்லை. பாம்பென்று தாண்டவும் முடியவில்லை, பழுதென்று மிதிக்கவும் முடியவில்லை.

இரண்டு நாள் கழித்துப் பெரியவர் வந்தார், கையில் ஒரு கூடை பேரிக்காயோடு. நெற்றிக்கட்டு சின்னதாகியிருந்தது. மேசைக்கு எதிரே கவிழ்த்து வைத்த எண்ணெய் டின்னில் உட்கார்ந்து, பிரித்துக் கிடந்த பெட்டியை வேடிக்கை பார்த்தார்.

"இவ்வளவு சாமான் இருக்கா இதுக்குள்ள! எங்க தம்பி இதையெல்லாம் ஒத்தை ஆளா மாட்டியிருக்கான் பாருங்க. கெட்டிக்காரன். பேசத்தான் மாட்டான். ஒரு பொண்ணைப் புடிச்சிருக்குன்னு அந்தக் காலத்துல வந்து நின்னான். பட்டறை முதலாளி பொண்ணு. நான்தான் போய்ப் பேசி முடிச்சிவிட்டேன்."

"கல்யாணத்தையா?"

"பேச்சை!" பெரியவர் தொடையில் அடித்துச் சிரித்தார். "கல்யாணம் பண்ணா அங்கேயே போயிடுவான், தோட்டத்தை யார் பாக்கறது? அந்தப் பொண்ணுகிட்ட இவனுக்குக் காக்கா வலிப்புன்னு ஒரு பொய்யைச் சொன்னேன், அவ்வளவுதான். அப்புறம் ஏழெட்டு மாசம் என்கூடப் பேசல. சின்னப்பய. எல்லாம் சரியாப் போச்சு. இப்பக்கூட அதைச் சொல்லி ஓட்டுவேன், எல்லார் முன்னாடியும். ஒண்ணும் சொல்ல மாட்டான்."

ரிங்கக்கா கையிலிருந்த கிளட்ச் தட்டை மேசையில் வைத்தாள். அவள் எழுந்துபோய் அந்தப் பழைய தண்டையும் பிளாஸ்டிக் கவரையும் எடுத்து வந்தாள். பெரியவருக்குப் புரிகிற மாதிரி, சுருக்கமாக, எது எங்கே இருக்க வேண்டும், எது எங்கே இருந்தது, சூடேறினால் என்ன ஆகும் என்று சொன்னாள். கடைசியாக, "இதையே மறுபடி போடச் சொல்லிட்டுப் போயிருக்காரு" என்றாள்.

பெரியவரின் சிரிப்பு உடனே மறையவில்லை. முகத்திலேயே நின்று, காய்ந்து, பிறகுதான் உதிர்ந்தது.

"என்ன சொல்றே நீ?"

"நான் ஒண்ணும் சொல்லலண்ணே. இருக்கறதைச் சொன்னேன்."

"என் தம்பி... என்னை..." அவர் எழுந்தார். டின் உருண்டது. "ஒரே வயித்துல பொறந்தவங்க நாங்க. தான் ஆடாவிட்டாலும் தன் சதை ஆடும்னு கேள்விப்பட்டதில்ல? ரிங்கு மாட்டறவ ரிங்கை மாட்டு. குடும்பத்துக்குள்ள திருப்புளியை வுடாதே!"

வாசல்வரை போனவர், திரும்பி நின்றார். வெளிச்சம் பின்னால் இருந்ததால் முகம் தெரியவில்லை.

"நீ எதைப் போடப் போறே?"

"பழுப்பு. வெள்ளையைப் போட்டு அனுப்ப என்னால முடியாது."

"சரி. போடு." கொஞ்சம் தாமதித்தார். "அவன்கிட்ட சொல்லாதே."

அவள் பழுப்பு ரிங்கை வாங்கி வந்தாள். முதலில் அதைத் தண்டில் மாட்டாமல் டிரம்மின் வாயில் மட்டும் வைத்து, வெட்டுமுனைகளுக்கு நடுவே மயிரிழை இடைவெளி இருக்கிறதா என்று பார்த்தாள். அதிகமாக விரித்தால் பட்டென்று ஒடிந்துவிடும் சரக்கு. எண்ணெய் தடவி, இரண்டு கட்டைவிரல்களால் குழந்தைக்கு வளையல் போடுகிற மாதிரி பள்ளத்துக்குள் இறக்கினாள். எல்லாம் பூட்டிய பிறகு காற்றுக் குழாயைத் துளையில் வைத்து அழுத்தினாள். உள்ளே கிளட்ச் 'டப்' என்று பிடித்தது. குழாயை எடுக்காமல் வைத்திருந்தாள். ஒரு சீறல்கூட இல்லை. இனி இந்தப் பெட்டி எந்த இறக்கத்திலும் கையை விடாது. வழக்கமாக அந்த 'டப்' சத்தம் கேட்டால் அவளுக்கு நல்ல பசி எடுக்கும். அன்றைக்கு எடுக்கவில்லை.

வண்டியை எடுக்க இருவரும் சேர்ந்தே வந்தார்கள். கணவர் ஊரைச் சுற்றி ஓட்டிப் பார்த்துவிட்டு வந்து, "வெண்ணெய் மாதிரி போகுது" என்று சாவியைப் பெரியவர் கையில் கொடுத்தார். பெரியவர் சிரித்த முகமாகத்தான் இருந்தார். சாவியை உள்ளங்கையில் தட்டிக்கொண்டே, பட்டறை நடுவில் நின்றார்.

"டேய் தம்பி. என்னமோ ரிங்கு வாங்கிக் குடுத்தியாமே."

"ஆமாண்ணே."

"அதைத்தான் போட்டிருக்காங்க. அந்தம்மா வேற ஏதோ போடறேன்னுச்சு. என் தம்பி சொன்னா சொன்னதுதான், அவன் குடுத்ததையே போடுன்னுட்டேன்."

ரிங்கக்கா வாயைத் திறந்தாள். பெரியவர் அவளைப் பார்த்தார். உதடு சிரித்தது, கண் சிரிக்கவில்லை. அவள் வாயை மூடிக்கொண்டாள்.

"இந்தா, புடி. இன்னைக்கு நீ ஓட்டு." பெரியவர் சாவியை வீசினார். "மேல போய் லோடு ஏத்திட்டு வரலாம். நான் பக்கத்துல சாஞ்சு தூங்கறேன்."

சின்னவர் கையை நீட்டவில்லை. சாவி அவர் மார்பில் பட்டு, சிமென்ட் தரையில் விழுந்து சத்தம் போட்டது.

"எனக்குக் கண்ணு சரியில்லண்ணே."

"நேத்து ஊசியில நூல் கோத்தியே."

"இடுப்பு வலி."

"இடுப்பாலயா ஓட்டப் போறே?" வழக்கம்போல் நக்கல்தான். ஆனால் யாரும் சிரிக்கவில்லை. பெரியவர் குனிந்து சாவியை எடுத்தார். அந்த நொடியில் அவர் முதுகு ஒரேயடியாகக் கிழடு தட்டியதை ரிங்கக்கா பார்த்தாள். நிமிர்ந்தபோது குரல் தாழ்ந்திருந்தது. "சரி, நானே ஓட்டறேன். நீ பக்கத்துல உட்காரு."

"எனக்குச் சந்தையில வேலை..."

"ஏறுடா."

சின்னவர் ஏறினார். படியில் ஒரு கால் வைத்தபடி திரும்பி ரிங்கக்காவைப் பார்த்தார். "அக்கா" என்றார். அதுவரை அவர் அவளை எந்த முறை சொல்லியும் கூப்பிட்டதில்லை. "வெள்ளைதானே?"

ஒரு வார்த்தை போதும். 'இல்லை' என்று சொல்லியிருக்கலாம். நேரமும் இருந்தது. ஆனால் நெற்றிக் கட்டும் மணல் அப்பிய முகப்பும் அவள் கண்ணில் வந்து நின்றன. கொஞ்ச நேரம் வேர்க்கட்டுமே, தான் செய்ததன் சூடு தனக்கும் தெரியட்டுமே என்று ஒரு எண்ணம். வண்டிக்கு ஒன்றும் ஆகாது என்பதுதான் அவளுக்குத் தெரியுமே. அவள் துணியை எடுத்து, சுத்தமாக இருந்த மேசையைத் துடைத்தாள்.

லாரி கிளம்பிப் போனது.

"என்ன நடக்குது இங்க?" என்றார் கணவர். அவள் எல்லாவற்றையும் சொன்னாள். முகத்தில் விளையாட்டு இல்லாத கணவரை அவள் வெகுநாள் கழித்துப் பார்த்தாள். "ஏம்மா, புத்தி இருக்கா உனக்கு? உள்ள இருக்கறது பழுப்புன்னு உனக்குத் தெரியும், பெரியவருக்குத் தெரியும். அந்த ஆளுக்குத் தெரியாதே! சாகப்போறோம்னு நெனச்சிட்டு உட்கார்ந்திருக்கறவன் பக்கத்துல ஸ்டியரிங் இருக்கு. போன் போடு."

பெரியவர் நம்பர்தான் இருந்தது. போட்டாள். மணி அடித்தது, துண்டிக்கப்பட்டது. மறுபடி போட்டாள். துண்டித்தார். மூன்றாவது முறை, தொடர்பு எல்லைக்கு வெளியே என்றது. மலை ஏறிவிட்டார்கள்.

அன்று மாலை ஒன்றும் தெரியவில்லை. மறுநாளும் தெரியவில்லை. சந்தைப் பக்கம் போய்வந்த கணவர், பேரிக்காய் லோடு வந்து இறங்கியிருக்கிறது, லாரி முழுசாக இருக்கிறது என்றார். அவளுக்கு மூச்சு வந்தது. "ஆனா கொண்டுவந்தது பெரியவர் மட்டும்தானாம். தம்பி எங்கேன்னு யாருக்கும் தெரியல" என்றார். வந்த மூச்சு அங்கேயே நின்றது.

ஒரு மாதம் கழித்துப் பெரியவர் லாரியோடு வந்தார். கட்டு அவிழ்த்த நெற்றியில் தழும்பு பளபளத்தது. சட்டையின் இடது தோள்பட்டை கிழிந்து, கறுப்பு நூலால் தாறுமாறாகத் தைத்திருந்தது. எண்ணெய் டின்னில் உட்கார்ந்தார். கேட்காமலேயே சொன்னார்.

"ஏறும்போது ஒண்ணும் பேசல. லோடு ஏத்தினோம். இறங்கறப்போ கதவுப் புடியை விடவே இல்ல. முட்டி வெளுத்துப் போச்சு. 'ஏன்டா, ஏதாவது சொல்லணுமா'ன்னு கேட்டேன். இல்லண்ணேன்னான். ஒவ்வொரு வளைவுலயும் கேட்டேன் தங்கச்சி. 'சொல்லணுமாடா? சொல்லிடறியா?' ஒரு வார்த்தை சொல்லியிருந்தா அங்கேயே ஓரம் கட்டிட்டு, அவனைக் கட்டிப்புடிச்சு அழுதிருப்பேன். சத்தியமா."

"சொல்லலியா?"

"சொல்லல. அந்த மணல் வளைவு வந்துச்சு. பெட்டி கல்லு மாதிரி புடிச்சிட்டு நின்னுச்சு, நீ போட்டது. நான்தான்..." பெரியவர் தன் வாயைக் கையால் துடைத்தார். "நான்தான், 'பெட்டி விட்டுடுச்சுடா'ன்னேன்."

கணவர் கையிலிருந்த ஸ்பானரை மெதுவாகக் கீழே வைத்தார்.

"ஏண்ணே?" என்றாள் அவள்.

"விளையாட்டுக்கு." சொல்லிவிட்டு, தான் சொன்னதைத் தானே கேட்பவர்போல் தலையைச் சாய்த்தார். "விளையாட்டுக்குத்தானா... தெரியல. அவன் முகத்தைப் பாக்கணும்னு இருந்துச்சு. பாத்தேன். கதவைத் திறந்தான். திறந்துட்டு, திரும்பி என் சட்டையைப் புடிச்சு இழுத்தான். 'அண்ணே, குதி! குதி அண்ணே!'ன்னு கத்தினான். நான் நகரல. எனக்குத்தான் தெரியுமே, ஒண்ணும் ஆகலன்னு. சட்டை கிழிஞ்சுது. அவன் மட்டும் போயிட்டான்."

தகரக் கூரை வெயிலில் முறுகிச் சத்தம் போட்டது. ரிங்கக்கா அந்தத் தையலையே பார்த்துக்கொண்டிருந்தாள். கொல்ல நினைத்தவன் கடைசி நொடியில் யாருடைய சட்டையைப் பிடித்தான்? பிடிக்க வேண்டிய நேரத்தில் யார் நகராமல் உட்கார்ந்திருந்தது? மேசையைத் துடைத்தபடி நின்றது யார்? கணக்குப் போட முயன்றாள். எந்தப் பக்கம் கூட்டினாலும் அவளும் வந்தாள்.

"உயிர்..." என்றார் கணவர்.

"இருக்கு. முதுகெலும்பு போச்சு. கழுத்துக்குக் கீழ ஒண்ணும் அசையாது. ஆஸ்பத்திரியிலேருந்து கூட்டியாந்து வீட்டுலதான் வச்சிருக்கேன். நானே ஊட்டறேன். வாயைத் திறக்கறான், முழுங்கறான். பேசறதில்ல. பேச முடியலையா, பேசலையான்னு டாக்டருக்கே தெரியல. கண்ணை மட்டும் என்மேலேருந்து எடுக்க மாட்டான். நான் ரூம்ல எந்தப் பக்கம் போனாலும் அந்தப் பக்கம் வரும்."

"நான் அன்னைக்குச் சொல்லியிருக்கணும்" என்றாள் அவள். "படியில நின்னு என்கிட்டதான் கேட்டாரு."

"நீ சொல்லாம இருந்ததுக்கு நான்தான் காரணம்" என்றார் பெரியவர். ஆறுதலாகச் சொன்ன மாதிரியும் இருந்தது, பங்கு பிரித்த மாதிரியும் இருந்தது. "அவன் பேசினா, நீ பழுப்பு போட்டது எனக்கு முன்னாடியே தெரியும்னு சொல்லிடாதே. அது மட்டும் அவனுக்குத் தெரிய வேணாம்."

"தெரிஞ்சிருக்கும்ணே" என்றாள். "வண்டி ஒண்ணும் ஆகாம வந்துடுச்சே. பெட்டி வேலை தெரிஞ்சவரு. படுத்துக்கிட்டே யோசிச்சிருப்பாரு."

அது பெரியவருக்கு இதுவரை தோன்றவில்லை போலிருக்கிறது. தழும்பை விரலால் தடவினார். பிறகு எழுந்தார்.

"வந்த வேலையைச் சொல்லலியே. வண்டியை ஒருதடவை முழுசாப் பாத்துடு. பிரேக் பைப்பு, சக்கர நட்டு, ஸ்டியரிங்கு எல்லாம்."

"எதாவது சத்தம் வருதா?"

"இல்ல."

"இழுக்குதா?"

"இல்ல. நல்லாத்தான் ஓடுது." குரலைத் தாழ்த்தினார். "அவனால விரலைக்கூட அசைக்க முடியாது. எனக்குத் தெரியும். ஆனா காலைல சாவியைப் போடும்போதெல்லாம் அந்தக் கண்ணு ஞாபகம் வருது. கையைத் திருப்ப முடியல."

அவள் விளக்கை எடுத்துக்கொண்டு வண்டிக்கு அடியில் படுத்தாள். பிரேக் குழாய்களை ஒவ்வொன்றாகக் கையால் தடவினாள். நட்டுகளைத் திருகிப் பார்த்தாள். பெட்டியின் அடியில் ஒரு சொட்டு எண்ணெய் இல்லை. எல்லாம் அதனதன் இடத்தில், அதனதன் இறுக்கத்தில் இருந்தன. வெளியே வந்து அப்படியே சொன்னாள்.

"நல்லாப் பாத்தியா தங்கச்சி?"

"பாத்தேண்ணே."

"இன்னொருதடவை பாத்துடேன்."

அவள் கணவரைப் பார்த்தாள். அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். மறுபடி படுத்து உள்ளே நகர்ந்தாள். அங்கிருந்து பெரியவரின் செருப்புக் கால்கள் மட்டும் தெரிந்தன. ஓட்டுநர் கதவுக்கு ஒரு முழம் தள்ளி, ஏறாமலும் போகாமலும், அவை அங்கேயே நின்றன.